வாயசைத்த குற்றம்

எங்கள் கம்பெனியில் நேரத்துக்குத்தான் பஞ்சம், சாமிக்குப் பஞ்சமே கிடையாது. கேட்டுக்குள் நுழைந்ததும் ஒரு பிள்ளையார். டைம் ஆபீஸ் சுவரில் பெருமாள், மாதா, மக்கா மூன்றும் ஒரே சட்டத்துக்குள், மேலே சீரியல் பல்பு. கேன்டீனில் அன்னலட்சுமி. அவள் காலடியில்தான் சாம்பார் என்று சொல்லி ஒரு மஞ்சள் தண்ணீரை ஊற்றுகிறார்கள். சூப்பர்வைசர் ஆதிநாராயணன் கேபினில் மட்டும் ஒரு சுவர் முழுக்கப் படங்கள். இத்தனை சாமியும் பார்த்துக்கொண்டிருக்க, ஞானம்மா என்ற ஒருத்திக்கு ஜெபம் பண்ண ஐந்து நிமிடம் கிடைக்கவில்லை. அதைத்தான் சொல்ல வந்தேன். சொல்லத் தொடங்கும்போதே வாய் கசக்கிறது.

என் பெயர் குணசுந்தரி. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கார்களுக்கு இரும்புப் பட்டைகள் அடித்துக் கொடுக்கும் ஒரு கம்பெனியில் பீஸ்களைச் சரிபார்க்கும் வேலை எனக்கு. ஞானம்மா பிரஸ் மெஷினில் நிற்பவள். இருவரும் புதுவாயல் கூட்ரோட்டில் ஒரே கம்பெனி பஸ்ஸில் ஏறுவோம். அவளுடைய அம்மா எங்கள் நிலத்தில் நாற்று நட வந்தவர். எங்கள் அப்பா இன்றைக்கும் "அந்தக் காலனிப் பொண்ணு" என்றுதான் சொல்வார். அந்தக் காலனிப் பொண்ணு என் டப்பாவிலிருந்து கருவாட்டுக் குழம்பை எடுத்துச் சாப்பிடுகிறாள் என்று கேட்டால் அவருக்குச் சோறு இறங்காது. அதனாலேயே வாரத்துக்கு ஒருமுறையாவது சொல்லிவிடுவேன்.

ஞானம்மா நாற்பதைத் தாண்டியவள். ஆள் ஒல்லி, குரல் மட்டும் கனம். ஞாயிற்றுக்கிழமை சபையில் பாட்டை எடுத்துக் கொடுப்பது அவள்தான். புருஷன் ஜெயராஜ் இரும்பு உருக்கும் கம்பெனியில் வேலை பார்த்து, நெஞ்சில் சளி கட்டி, வீட்டோடு உட்கார்ந்துவிட்டவர். உட்கார்ந்தவர் சும்மா உட்காரவில்லை, கையில் போனோடு உட்கார்ந்தார். விடியும் முன்பே அதில் யாரோ சிரிப்பார்கள், யாரோ சண்டை போடுவார்கள், யாரோ முடி வளரும் எண்ணெய் விற்பார்கள். இரண்டே அறை உள்ள வீடு. ஒரு அறையில் போன், இன்னொன்றில் குக்கர்.

ஞானம்மாவுக்கு ஆசை என்று ஒன்றுதான் உண்டு. நாளைக்கு ஒருமுறை, யாரும் கூப்பிடாத இடத்தில், கொஞ்ச நேரம் முழங்கால் போட்டு ஜெபிக்க வேண்டும். அவ்வளவுதான். வேறு யாராவது சொல்லியிருந்தால் நான் கேலி செய்திருப்பேன். ஆனால் அவள் அதைப் பசி என்று சொல்வதுபோல் சொல்வாள்.

காலையில் முக்காட்டைப் போட்டு உட்கார்ந்தால் குக்கர் கத்தும். குக்கரை இறக்கினால் பெரியவன் "எம்மா, சாக்ஸ் எங்க?" என்பான். சாக்ஸை எடுத்துக் கொடுத்தால் தண்ணீர் லாரி வந்துவிடும். பஸ்ஸில் ஏறிக் கண்ணை மூடலாம் என்றால் டிரைவர் குத்துப்பாட்டை வைத்து ஊரையே எழுப்புவான். சபைக்காரர்களாவது விட்டார்களா? பாஸ்டர் பீட்டர் போனில் ஒரு குரூப் தொடங்கினார். அதில் விடிய விடிய ரோஜாப்பூவும் புறாவும் வந்து விழும். பத்துப் பேர் கை கூப்புவார்கள், கூப்பாதவர் யார் என்று பதினோராவது ஆள் கேட்பார். யாருக்காவது காய்ச்சல் என்றால் உடனே "ஞானம்மா சிஸ்டர், பாரத்தோட ஜெபிங்க" என்று ஒரு செய்தி. ஊரே தன் ஜெபத்தை அவள் தலையில் இறக்கி வைத்துவிட்டுத் தூங்கப் போனது.

"குணா, ஆண்டவர்கிட்ட பேசலாம்னு குந்துனா, அவருக்கு முன்னாடி ஊரே க்யூ கட்டி நிக்குது" என்று ஒருநாள் பஸ்ஸில் சொன்னாள்.

"பாத்ரூம்ல போய் பண்ணேன். அங்க யாரும் வர மாட்டாங்க" என்றேன் நான்.

"நீ அந்த பாத்ரூமுக்கு போயிருக்கியா?"

போயிருக்கிறேன். அதைப் பற்றி எழுதினால் இந்தத் தாள் நாறும். தண்ணீர் வராது, தாழ்ப்பாள் இருக்காது, சுவரில் யார் எதைத் துடைத்தார்கள் என்று சொல்ல முடியாது. கழுவுகிற ஆளை நிறுத்திவிட்டு, அந்தச் சுவரிலேயே "சுத்தம் சோறு போடும்" என்று போர்டு மாட்டியிருக்கிறார்கள். அந்த இடத்தில் சாமியைக் கூப்பிட எதிரிக்குக்கூட மனசு வராது.

கடைசியில் ஆதிநாராயணனிடமே போய்க் கேட்டாள். டீ நேரம் முடியும்போது ஸ்டோர் ரூம் மூலையில் ஐந்து நிமிடம், அதை வேண்டுமானால் சாப்பாட்டு நேரத்தில் கழித்துக்கொள்ளட்டும் என்றாள். அவள் கேட்கப் போன நேரத்தில் அவர் தன் கேபினில் ஊதுபத்தி சுற்றிக்கொண்டிருந்தார். தினமும் ஷிப்ட் தொடங்கியதும் அவர் பூஜை தொடங்கும். படம் படமாகச் சுற்றி, காட்டி, கன்னத்தில் போட்டு முடிப்பதற்குள் வெளியே கையெழுத்துக்கு நான்கு பேர் காத்துக்கிடப்பார்கள். அது கம்பெனி நேரம் இல்லையாம்.

"உனக்கு அஞ்சு நிமிசம் குடுத்தா நாளிக்கு பாய் வந்து நிப்பாரு, அப்பால இன்னொருத்தன் வருவான். பீஸை யாரு அட்ச்சி குடுப்பா? உங்க ஏசு வந்து அட்ச்சி குடுப்பாரா?" என்று கேட்டார்.

"அவரு தச்சு வேலை செஞ்சவரு சார். வந்தா நல்லாவே அடிப்பாரு" என்றாள் ஞானம்மா.

வெளியே நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அவருக்கு முகம் சுண்டிப்போனது. ஐந்து நிமிடமும் போனது.

அதற்குப் பிறகுதான் அவள் மெஷினிலேயே ஜெபம் பண்ணத் தொடங்கினாள். கண்ணை மூடி அல்ல. பிரஸ் மெஷினில் கண்ணை மூடுகிறவள் வீட்டுக்கு முழுசாகப் போக மாட்டாள் என்று எல்லாருக்கும் தெரியும். தகட்டை உள்ளே வைக்க வேண்டும், கையை வெளியே எடுக்க வேண்டும், காலால் பெடலை மிதிக்க வேண்டும். மேலிருந்து டமார் என்று இறங்கும். அடித்த பீஸை எடுத்துப் போட்டுவிட்டு அடுத்த தகடு. நாள் முழுக்க இதுதான். ஞானம்மா அதற்குள் ஒரு கணக்கு வைத்துக்கொண்டாள். தகட்டை வைக்கும்போது ஒருவர் பெயர். கையை எடுக்கும்போது "காப்பாத்தும் ஆண்டவரே". அந்த வார்த்தை முடிந்த பிறகுதான் பெடல். முதல் அடி புருஷனுக்கு, அடுத்தது பிள்ளைகளுக்கு, பிறகு காய்ச்சல்காரர்கள், கடன்காரர்கள், எங்கள் அப்பாவுக்குக்கூட ஓர் அடி உண்டு. எனக்கும் உண்டு என்றாள். "உனக்கு ரெண்டு. உன் வாய்க்கு தனியா ஒண்ணு."

எனக்குச் சாமி நம்பிக்கை பெரிதாகக் கிடையாது. ஆனால் வந்த பீஸ்களைச் சரிபார்ப்பவள் நான். அவள் மெஷினில் கோணல் பீஸ் வந்ததில்லை, அவள் விரலில் கீறல்கூட விழுந்ததில்லை. வார்த்தை முடியும்வரை கால் காத்திருக்கும், அதற்குள் கை வெளியே வந்துவிடும்.

பக்கத்து மெஷினில் நர்மதா. கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்துக் கிராமம். முப்பது வயது, ஒரே பெண் குழந்தை, எப்போதும் பயந்த முகம். ஞானம்மாவின் வாய் அசைவதைப் பார்த்துப் பார்த்து ஒருநாள் கேட்டாள்: "இன்னாக்கா முணுமுணுக்குற? எனக்கும் சொல்லிக் குடேன், எனக்கு இந்த மெஷினைக் கண்டாலே பயமா இருக்குது."

"உன் சாமி பேரையே சொல்லு நர்மதா. பேரைச் சொல்லிட்டு கையை எடு, அப்பால மிதி" என்றாள் ஞானம்மா.

அன்றிலிருந்து நர்மதா மெஷினில் அவள் சாமி அங்காளம்மா. பக்கத்து மெஷினில் ஆண்டவர். நடுவில் நான் பீஸை அளந்துகொண்டு, இரண்டு பேரையும் கிண்டல் செய்துகொண்டு.

இப்போது அந்தப் பொட்டு விஷயத்தைச் சொல்ல வேண்டும். இந்த ஊரைத் தவிர வேறு எங்கும் இப்படி ஒரு கூத்து நடக்காது.

ஒவ்வொரு பிரஸ்ஸுக்கும் இரண்டு பக்கமும் ஒரு கம்பம்போல சென்சார் இருக்கும். அந்த இரண்டுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் ஓடும். உள்ளே கை இருந்தால் வெளிச்சம் மறையும், மெஷின் இறங்காது. ஆயுத பூஜை அன்று மெஷின்களையெல்லாம் கழுவி, வாழைக்கன்று கட்டி, சந்தனம் குங்குமம் வைத்தார்கள். ஆதிநாராயணன் தன் கையாலேயே வைத்தார். பக்தி மிகுதியில் நர்மதா மெஷினின் சென்சார் கண்ணிலும் கட்டை விரலால் ஒரு பொட்டு அழுத்தினார்.

விடுமுறை முடிந்து வந்தால் அந்த மெஷின் ஓடவில்லை. ஓடுமா? கண்ணில் சந்தனத்தை அப்பினால் யாருக்குத்தான் தெரியும்? எலக்ட்ரீஷியன் வந்து பார்த்துவிட்டு, துணியை எடுத்துத் துடைக்கப் போனார். ஆதிநாராயணன் பதறிப்போய்க் கையைப் பிடித்தார்.

"யோவ், பூஜை போட்ட பொட்டை அழிக்கக் கூடாது. அது தானா உதிரணும். தரித்திரம் புடிச்ச வேலை பண்ணாத."

அதற்குப் பதில் என்ன செய்தார் தெரியுமா? சென்சாரே வேலை செய்யாமல் நிறுத்தி வைக்கும் சாவி ஒன்று உண்டு. ரிப்பேர் பார்க்கும்போது மட்டும் போடுவது. அதைப் போட்டு முறுக்கி, மெஷினை ஓட்டிவிட்டார். இரண்டு நாளைக்கு என்றார். இரண்டு நாளில் ஒரு விஷயம் கண்டுபிடித்தார்கள். சென்சார் இல்லாவிட்டால் மெஷின் நடுநடுவே நிற்பதில்லை, பீஸ் கூடுதலாக வருகிறது. அவ்வளவுதான், சாவி ஆதிநாராயணன் இடுப்பு வளையத்தில் ஏறியது. பொட்டு காய்ந்து கறுத்து அப்படியே ஒட்டிக்கிடந்தது. பொட்டுக்கு மரியாதை கொடுத்துவிட்டோம், கைக்கு மரியாதை எதற்கு?

தை முடிந்து மாசி பிறந்த ஒரு நாள், நர்மதா மெஷினில் ஒரு பீஸ் உள்ளே ஒட்டிக்கொண்டது. அதை எடுக்கக் கையை விட்டாள். கால் பெடலில் இல்லை, நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மெஷின் தானாகவே இன்னொரு முறை இறங்கியது. வலது கையில் மூன்று விரல் போயிற்று. அந்தச் சத்தத்தை நான் எழுதப் போவதில்லை.

நர்மதாவை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிய வண்டி கேட்டைத் தாண்டுவதற்குள் இங்கே துடைக்கும் வேலை தொடங்கிவிட்டது. ரத்தத்தைச் சொல்லவில்லை. அதை யாரோ பிறகுதான் துடைத்தார்கள். முதலில் துடைத்தது பொட்டை. தானாக உதிர வேண்டிய பொட்டு, துணியில் பெட்ரோல் நனைத்துத் துடைத்ததும் உதிர்ந்துவிட்டது. சாவியும் திருப்பியாயிற்று. சென்சார் புதுசுபோல வேலை செய்தது. சீ, என்று இருந்தது எனக்கு.

மறுநாள் மேனேஜர் எங்களை வரிசையாக நிறுத்தினார். கேமராவில் பார்த்துவிட்டாராம். நர்மதாவின் வாய் அசைந்ததாம். "வேலை நேரத்துல சாமி பேரைச் சொல்லிக்கிட்டு இருந்திருக்காங்க. கவனம் மெஷின்ல இல்ல. யார் கேட்டாலும் இதைத்தான் சொல்லணும். நடந்ததும் இதுதான்" என்றார். கேமராவில் வாய் தெரிந்ததாம், மெஷின் தானாக இறங்கியது மட்டும் தெரியவில்லையாம்.

அன்று முதல் ஞானம்மாவின் வாய் மூடிக்கொண்டது. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். தகட்டை வைப்பாள், கையை எடுப்பாள், மிதிக்காமல் நிற்பாள். பீஸ் பாதியாகக் குறைந்தது. "நாந்தானே சொல்லிக் குடுத்தேன் குணா" என்று ஒருமுறை சொன்னாள். பாஸ்டர் பீட்டரிடம் போய் அழுதிருக்கிறாள். அந்த மகராசன் "வேலை நேரத்துல வேலை, ஜெப நேரத்துல ஜெபம், அதான் சிஸ்டர் ஒழுங்கு" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். ஜெப நேரம் என்று ஒன்றை அவளுக்கு யார் கொடுத்தார்கள் என்று அவர் கேட்கவில்லை.

நாங்கள் இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். நர்மதாவின் கையில் தலையணை அளவுக்குக் கட்டு. தலைமாட்டில் கம்பெனி அனுப்பிய ஆப்பிள் பை. பழத்தோடு ஒரு ஆளையும் அனுப்பியிருந்தார்கள். அவன் வந்து நல்லவன்போல உட்கார்ந்து, "உன் கவனக்குறைவுதாம்மா, ஆனாலும் கம்பெனி உன்னைக் கைவிடாது" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். நர்மதா அதை அப்படியே நம்பிவிட்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. விரலை எடுத்ததும் இல்லாமல், எடுத்தது நீதான் என்று அவளையே சொல்ல வைத்துவிட்டார்கள்.

"ஞானக்கா, நான் அங்காளம்மா பேரை சொன்னேன். அதாலதானே போச்சு? மெஷின்மேல நின்னுக்கினு அவளை கூப்டது தப்பா? தீட்டாயிடுச்சா? என் கொழந்தைக்கு எதனா ஆவுமா?" என்று கேட்டாள்.

ஞானம்மாவுக்கும் தெரியவில்லை. ஆப்பிள் பையையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெளியே வந்ததும் நான் கத்தினேன். "நீ சொல்ல வேண்டியதுதானே, சாவி போட்டு வெச்சிருந்தான்னு? மெஷின் தானா எறங்குச்சின்னு?"

"நான் சொன்னா அவ நம்புவாளா? நானே என்னை நம்பலியே" என்றாள்.

அடுத்த வாரம் விபத்தை விசாரிக்க அரசாங்க அதிகாரி வருகிறார் என்று செய்தி வந்தது. அதற்கு முன்பே மேனேஜருக்கு ஞானோதயம் பிறந்தது. மெஷினுக்குத் தோஷம், கழிக்க வேண்டும். அதிகாரி வரும் அன்றைக்கே கழித்தால் பார்ப்பதற்கும் நன்றாக இருக்கும். கம்பெனியில் எல்லா மதத்தவரும் இருப்பதால் எல்லா முறையிலும் செய்யலாம், மதத்துக்கு ஒருவர். லைன் முழுவதையும் அரைமணி நேரம் நிறுத்தச் சொன்னார். காய்ச்சலில் விழுந்தவனுக்கு ஒரு நிமிடம் நிறுத்தாத லைன். கிறிஸ்தவர்கள் சார்பில் யார் என்ற பேச்சு வந்தது. ஆதிநாராயணன் ஞானம்மாவிடம் வந்தார்.

"உனுக்கு ஜெபம் பண்ண நேரம் கேட்டியே ஞானம்மா? இந்தா, எடுத்துக்கோ. நல்லா சத்தமா, உருக்கமா பண்ணு. விசாரணைக்கு வர்ற மேடம் வேற இருப்பாங்க" என்றார், பெரிய வரம் கொடுப்பதுபோல.

அவர் நகர்ந்ததும் அவள் கையைப் பிடித்தேன். "போவாத. வவுத்துவலின்னு சொல்லிட்டு ஊட்லயே இரு" என்றேன். ஞானம்மா யோசித்தாள். "நேரம் குடுத்தா வேணான்னு சொல்லக் கூடாது குணா" என்றாள். அவள் மீது எனக்கு வெறுப்பே வந்துவிட்டது. இவளும் இவ்வளவுதானா என்று நினைத்தேன்.

அந்த நாள் வந்தது. நர்மதாவின் மெஷினுக்கு மாலை. முன்னால் கோலம், அதன் மேல் பூசணிக்காய். ரத்தம் காய்ந்த அதே தரையில் குங்குமத்தைக் கரைத்து ஊற்றினார்கள், பார்க்கச் சகிக்கவில்லை. பூசாரி எலுமிச்சையை நறுக்கி நான்கு திசையும் வீசினார். பிறகு ஸ்டோர்க்கார பாய் கை ஏந்தி அடிக்குரலில் ஓதினார். அவர் முகத்தில் மட்டும்தான் துக்கம் இருந்தது. மேனேஜர் ஒவ்வொன்றையும் போட்டோ எடுக்கச் சொன்னார். அதிகாரி ஒரு அம்மாள், கைப்பையை மார்போடு அணைத்தபடி ஓரமாக நின்றார். சென்சாரை ஓட்டிக் காட்டியாயிற்று, அது நன்றாக வேலை செய்கிறது என்று அவர் பார்த்தாயிற்று. நாங்கள் எல்லாரும் மேனேஜர் சொல்லிக் கொடுத்தபடியே சொல்லியும் ஆயிற்று. இனி சாப்பாடு மட்டும்தான் பாக்கி.

ஞானம்மா முன்னால் போனாள். சேலை முந்தானையைத் தலையில் போட்டாள். "எல்லாரும் கண்ணை மூடிக்குங்க" என்றாள். மேனேஜர் மூடினார், ஆதிநாராயணன் மூடினார், அதிகாரியும் தலையைக் குனிந்தார். நான் மூடவில்லை.

"ஆண்டவரே, ஸ்தோத்திரம்" என்று தொடங்கினாள். அந்தக் கனத்த குரல் தகரக் கூரையில் போய் மோதியது. "இந்த மெஷினுக்கு இன்னாமோ தோஷம்னு சொல்லி என்னை ஜெபம் பண்ண கூப்டு இருக்காங்க. மெஷின் மேல ஒரு தப்பும் இல்ல ஆண்டவரே. அதுக்கு கண்ணு இருந்துச்சு. ஆயுத பூஜை அன்னிக்கு அந்தக் கண்ணுல பொட்டு வெச்சாங்க. பொட்டை அழிக்கக் கூடாதுன்னு சொல்லி, சாவியைப் போட்டு அந்தக் கண்ணையே குருடாக்குனாங்க. அது உமக்குத் தெரியும்."

ஆதிநாராயணன் கண்ணைத் திறந்துவிட்டார். வாயையும் திறந்தார். ஆனால் எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். கற்பூரம் எரியும்போது யாரும் குறுக்கே போக மாட்டார்கள், யார் சாமியானாலும் சரி, ஒருவர் கும்பிட்டு முடிக்கும்வரை இடையில் பேச மாட்டார்கள். பேசினால் அந்தப் பாவம் பேசினவன் தலையில். ஆதிநாராயணன் பாவத்துக்குப் பயந்தவர், அதாவது இந்த மாதிரிப் பாவத்துக்கு. திறந்த வாய் திறந்தபடியே நின்றது. மேனேஜரின் முகம் வெளுத்துக்கொண்டே போனது. அவர் கையைத் தூக்குவதும் இறக்குவதுமாக இருந்தார். சுற்றிலும் ஆள், போட்டோ எடுப்பவன், பக்தியாகத் தலைகுனிந்த அதிகாரி. ஜெபத்தை எப்படி நிறுத்துவது? ஐந்து நிமிடம் கொடுக்காத கம்பெனி, அவள் எடுத்துக்கொண்ட நேரத்துக்கெல்லாம் நின்று கேட்டது.

ஞானம்மா நிறுத்தவில்லை. "ரெண்டு நாளுன்னு சொன்ன சாவி, தீவாளி போயி பொங்கல் போயியும் ஆதிநாராயணன் சார் இடுப்புலயே இருந்துச்சு. பீஸ் ஜாஸ்தி வருதுன்னு எல்லாரும் சும்மா இருந்தோம். நானும் சும்மா இருந்தேன். பொட்டை எப்போ தொடச்சாங்கன்னும் உமக்குத் தெரியும். நர்மதா கால் பெடல்ல இல்ல, மெஷினு தானா எறங்குச்சு, குணா பாத்தா. அவ உதடு அசைஞ்சதுக்காக அவ விரல் போவல. பேரைச் சொல்லி கூப்ட பொண்ணு மேல பழி போடுறாங்க. அந்தப் பழியை நீரே எடுத்துப் போடும். இதை நான் நேரம் கெடைச்சப்போ சொல்லணும்னு இருந்தேன். இன்னிக்குத்தான் கெடைச்சுது. ஆமென்."

"ஆமென்" என்று பத்து இருபது குரல் வந்தது. எல்லாரும் சொன்ன வேகத்தில் பூசாரியும் சொன்னார். என் குரலும் அதில் இருந்தது, எப்படி வந்தது என்று தெரியவில்லை.

அதிகாரி அம்மாள் நிமிர்ந்தார். யாரையும் பார்க்காமல் நேரே மெஷினுக்குப் போனார். சென்சார் கம்பத்தின் விளிம்பில் விரலை விட்டுத் தடவினார். பெட்ரோல் போகாத இடுக்கில் சந்தனமும் குங்குமமும் அடைந்திருந்தது. விரலில் மஞ்சளும் சிவப்புமாக வந்தது. கைக்குட்டையை எடுத்து அதை அதில் ஒற்றி, மடித்துப் பைக்குள் வைத்தார்.

"அந்த சாவி எங்க சார்?" என்றார்.

ஆதிநாராயணன் கை தன்னாலே இடுப்புக்குப் போனது.

"குணா யாரு?" என்று அடுத்துக் கேட்டார். நான் முன்னால் போனேன். என்னைத் தொடர்ந்து எலக்ட்ரீஷியன் வந்தார், பிறகு மற்றப் பெண்கள் வந்தார்கள். காலையில் சொல்லிக் கொடுத்தபடி சொன்ன அதே வாய்கள்தான். எங்களை நினைத்தும் எனக்குக் கொஞ்சம் அருவருப்பாகத்தான் இருந்தது. ஒருத்தி போய் முதலில் நனைந்த பிறகு குடைக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கிற ஜென்மங்கள்.

நல்லவன் வாழ்ந்தான், கெட்டவன் தாழ்ந்தான் என்று முடிக்க ஆசைதான். ஆதிநாராயணனை வேறு பிளான்ட்டுக்கு மாற்றினார்கள். அங்கேயும் சுவர் இருக்கும், படம் மாட்டிக்கொள்வார். மேனேஜர் அப்படியே இருக்கிறார். ஞானம்மாவைப் பிரஸ்ஸிலிருந்து எடுத்துப் பேக்கிங்கில் போட்டார்கள், அதைத் தண்டனை என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் விசாரணையில் மெஷின் கோளாறு, பாதுகாப்பை நிறுத்தி வைத்த குற்றம் என்றுதான் பதிவானது. நர்மதா மேல் ஒரு சொல் இல்லை.

அதைச் சொல்ல ஞானம்மாவும் நானும் மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனோம். நர்மதா ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். ஞானம்மா கட்டிலில் உட்கார்ந்து, பொட்டு, சாவி, மெஷின் என்று முதலிலிருந்து கடைசிவரை சொன்னாள். "நீ கூப்டது தப்பில்ல நர்மதா. அவங்கதான் அதோட கண்ணை மறைச்சாங்க" என்றாள்.

நர்மதா எழுந்து உட்கார்ந்தாள். கட்டுப் போட்ட கையைத் தூக்கி முகத்துக்கு நேரே வைத்துப் பார்த்தாள். விபத்து நடந்ததிலிருந்து அவள் அதைப் பார்த்ததே இல்லை என்று அவள் அம்மா பிறகு சொன்னார்.

"அப்ப நான் ஒண்ணும் பண்ணல?" என்றாள்.

"ஒண்ணும் பண்ணல."

அதற்குப் பிறகு அவள் வாயிலிருந்து வந்ததை நான் இங்கே அச்சில் போட முடியாது. எப்போதும் பயந்த முகமாக இருந்தவள், இத்தனை நாளும் தன்னையே திட்டிக்கொண்டிருந்தவள், முதல் முறையாக வேறு ஆட்களைத் திட்டினாள். ஆதிநாராயணனை, மேனேஜரை, ஆப்பிள் கொண்டு வந்தவனை, பார்த்துக்கொண்டு சும்மா இருந்த எங்களை. நடுநடுவே அங்காளம்மாவைக் கூப்பிட்டாள். "நீ பாத்துக்கினு இருந்தியே, நீ கேளுடி, நீ கேக்காம வேற யாருடி கேப்பா" என்று அவளையும் விடவில்லை. குரல் வார்டு முழுக்கக் கேட்டது. பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

நர்ஸ் ஓடி வந்து, "இன்னாம்மா இது, ஆஸ்பத்திரியா சந்தையா? அவங்கள கொஞ்சம் அடக்குங்க" என்றார்.

ஞானம்மா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, குனிந்து உட்கார்ந்திருந்தாள். நர்ஸைப் பார்த்துக் கையை மட்டும் உயர்த்தினாள்.

"குறுக்க பேசாதம்மா. இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கா."